மீட்டர் கணக்கைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சிங்கப்பூர், தெம்பனிஸ் வாசகர் கேட்டது
மார்ச் 8, 2025, காலை 9.15

வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அரை மணி நேரத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று மின்விநியோக நிறுவனமான எஸ்பியின் செயலியில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. இத்தனை லட்சம் வீடுகளின் கணக்கும் சும்மா கிடக்கிறதே! ஆய்வாளர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் திறந்துவிட்டால் எவ்வளவு நல்லது செய்யலாம்? தனியாக இருக்கும் முதியவர் விழுந்து கிடந்தால்கூடத் தெரிந்துவிடுமே. மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? மின்சாரம்தானே, வங்கிக் கணக்கா?

மார்ச் 8, இரவு 10.40

பதினோரு ஆண்டுகள் மீட்டர் கணக்கெடுத்தவன் நான். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

தொண்ணூறுகளில் எங்களுக்கு முறை இதுதான்: மின்தூக்கியில் மேல்மாடிக்குப் போய், படிக்கட்டில் ஒவ்வொரு தளமாக இறங்கி வருவோம். தாழ்வாரத்தில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்தால் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீடு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் போவோம். இடைப்பட்ட மாதத்துக்கு மதிப்பீட்டுக் கணக்கு. ஆண்டுக்கு ஒரு வீட்டைப் பற்றி ஆறு எண்கள். ஸ்மார்ட் மீட்டர் அதே வீட்டைப் பற்றி ஒரு நாளைக்கு 48 எண்கள் தருகிறது, ஆண்டுக்கு 17,520.

அந்த ஆறு எண்களிலேயே நிறையத் தெரிந்தது, ஐயா. எந்த வீட்டில் புதிதாகக் குளிரூட்டி வந்தது, எந்த வீட்டில் மகன் படிப்பு முடிந்து திரும்பி வந்தான், எந்த வீடு பெயருக்கு மட்டும் பூட்டிக் கிடக்கிறது, எல்லாம் தெரியும். தட்டு சுற்றுகிற வேகத்தைப் பார்த்தே உள்ளே துணி தேய்க்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மறைப்பதற்கு என்ன என்று கேட்கிறீர்கள். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றவனிடம் கேளுங்கள்.

மார்ச் 9, காலை 7.05

நேற்று எழுதியதைப் படித்தால் நான் என்னவோ எதிர்க்கட்சி போலத் தெரிகிறது. அப்படி இல்லை. அந்தக் கணக்கு பயன்பட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். பார்க்கப்போனால் ஓரளவு ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எரிசக்திச் சந்தை ஆணையம் வீட்டு மின்பயன்பாட்டின் சராசரியை வட்டாரவாரியாகவும் வீட்டு வகைவாரியாகவும் வெளியிடுகிறது. அஞ்சல் குறியீட்டு வாரியாகவும் உண்டு. சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்கு ஒரு அஞ்சல் குறியீடு என்பதை நினைவில் வையுங்கள். ஆக, உங்கள் புளோக்கில் இருக்கும் நாலறை வீடுகள் சராசரியாக எத்தனை யூனிட் செலவழிக்கின்றன என்பது வெளியில் கிடைக்கிற விவரம். அதனால் யாருடைய கூரையும் இடிந்துவிடவில்லை.

ஒரு புளோக்கில் நூறு வீடு இருந்தால் சராசரி என்பது போர்வை. மூன்று வீடு இருந்தால் அது கைக்குட்டை. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு விதி வைத்தார்கள்: பதினைந்து வாடிக்கையாளருக்குக் குறைவான கூட்டுக் கணக்கை வெளியே தரக்கூடாது, அதிலும் ஒருவரது பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. போர்வையின் அகலத்தை முதலிலேயே அளந்து வைத்துவிட்டார்கள்.

மார்ச் 9, இரவு 11.50

மகள் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கொஞ்சம் மனக்கசப்பு.

இந்த உரையாடல் இழையை அவளிடம் காட்டலாம் என்று போய், அவளுடைய செயலியைத் திறந்து பார்த்தோம். பகலில் பெரும்பாலும் பட்டைகள் குட்டை குட்டையாக இருக்கின்றன. இரவு 11 மணியிலிருந்து 11.30 வரை திடீரென்று ஒரு பட்டை எழும்பி நிற்கிறது, வழக்கத்தைவிட அரை யூனிட் அதிகமாக. வாரத்தில் நான்கைந்து நாள் அப்படி. எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது, அது இஸ்திரிப் பெட்டி. பதினோரு ஆண்டு அனுபவம் சும்மாவா? வீட்டில் இருக்கும் பணிப்பெண் புதுக்கோட்டைப் பக்கம், காலை ஐந்தரைக்கு எழுகிற பிள்ளை. அவளை இரவு பதினொன்றரை வரைக்கும் துணி தேய்க்க வைக்கிறாயா என்று மகளிடம் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். மகள் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் இல்லை. பணிப்பெண் சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

தெம்பனிஸ் வாசகரே, இதுவும் பொதுநன்மைதானே? பணிப்பெண்களுக்கு ஓய்வு கிடைக்கிறதா என்று மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது. பேருந்தில் வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10, மதியம் 1.20

முதியவர் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

ஒரு வாடகை புளோக்கில், ஓரறை வீடு. இரண்டு முறை தொடர்ந்து போனபோதும் எண் ஏறவேயில்லை. அங்கே ஒரு சீனத் தாத்தா தனியாக இருந்தார்; கதவு திறந்திருந்தால் கையாட்டுவார். தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "உன் வேலை எண்ணைக் குறிப்பது" என்றார். மனம் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மருத்துவமனையில் இருந்தாராம். நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டார். அடுத்த முறை போனபோது எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா மீட்டர் உயிரைக் காக்கும் என்று முடிக்கலாம். முடிக்க முடியாது. அந்தத் தாத்தா வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. அதனால்தான் எண் நின்றது. இன்றைக்கு எந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை? ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டை அது தன்பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் கூடத்தில் விழுந்து கிடந்தாலும் அது ஓடும். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தால் காற்றாடியும் ஓடும். எண் பூச்சியமாகும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பார்க்க வேண்டியது பழக்கத்தை. தினமும் காலை ஆறரைக்குக் கெட்டில் போடுகிறவர் இன்று போடவில்லை என்றால் அதுதான் செய்தி. அதைக் கண்டுபிடிக்க அவர் வீட்டின் பழக்கம் முழுவதையும் ஏதோ ஒரு கணினி மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். எப்போது எழுகிறார், எப்போது படுக்கிறார், இரவில் எத்தனை முறை விளக்குப் போடுகிறார். இதில் அவருக்குச் சம்மதம் வேண்டும். அவருடைய பிள்ளைகளின் சம்மதம் போதாது.

யூஹுவாவில் வீவக அறிவார்ந்த வீடு முன்னோட்டம் நடத்தியபோது முதியோருக்கென்று தனியாக உணர்கருவி வைத்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் குடும்பத்துக்குச் செய்தி போகும். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. இது உங்களைப் பார்த்துக்கொள்ள வைத்த கருவி என்று சொல்லி வைக்கிற கருவி. மீட்டர், கட்டணத்துக்காக வைத்தது.

மார்ச் 10, மதியம் 1.45

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடு இப்போதும் இருக்கலாம் என்று பொங்கோலிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். என் வாக்கியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 12, அதிகாலை 4.50

தூக்கம் கலைந்துவிட்டது. நோன்பு மாதம், எதிர் வீட்டு மலாய்க் குடும்பம் சஹூருக்கு எழுந்துவிட்டார்கள். நாலரைக்கே அடுக்களை விளக்கு எரிகிறது, முட்டை பொரிக்கிற வாசனை. அவர்கள் மீட்டரில் இந்த ஒரு மாதம் மட்டும் விடியுமுன் ஒரு மேடு எழும்பும். பெருநாள் வந்ததும் மறைந்துவிடும்.

என் வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். போன அக்டோபர் 31, தீபாவளி. காலை நான்கு மணிக்கு ஒன்றரை யூனிட் பக்கம் தொட்டிருக்கிறது. எண்ணெய்க் குளியலுக்கு நான்கு பேர் வரிசையாக ஹீட்டர் போட்டிருக்கிறோம், பிறகு எண்ணெய்ச் சட்டியும் காப்பியும். ஆண்டில் வேறு எந்த நாளிலும் அந்த நேரத்தில் அந்த மேடு இல்லை. பெயர் எழுதாத கணக்கு, முகவரி நீக்கிய கணக்கு என்று ஆயிரம் சொல்லட்டும். இந்த ஒரு பட்டையைப் பார்த்து, வீட்டுக்காரன் தலையில் நல்லெண்ணெய் வைத்தவன் என்று சொல்லிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், 1989ஆம் ஆண்டு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்ததிலிருந்து வீவக புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்துதான் இருக்கிறோம். புளோக் அளவில் கூட்டிவிட்டால் என் எண்ணெய்க் குளியலும் எதிர்வீட்டு முட்டையும் ஒன்றோடொன்று கரைந்து போய்விடும். குடியிருப்புக்காகப் போட்ட கொள்கை, கணக்கை மூடுகிற போர்வையாகவும் ஆகிவிட்டது! இப்படி ஒரு பயன் வரும் என்று அன்றைக்கு யாராவது நினைத்திருப்பார்களா?

மார்ச் 12, இரவு 9.30

மார்ச் 9 இரவு நான் எழுதியதற்குத் திருத்தம். பெரிய திருத்தம்.

இஸ்திரிப் பெட்டி இல்லை. மாப்பிள்ளை துவாஸில் மாலைச் சுற்று வேலை. பதினொரு மணிக்கு வந்து சுடுநீரில் குளிப்பார். வாரத்தில் நான்கைந்து நாள், அதாவது அவருக்குச் சுற்று வருகிற நாள்கள். பணிப்பெண் பத்து மணிக்கே படுத்துவிடுகிறாள். துணி தேய்ப்பது பகல் இரண்டு மணிக்கு.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. மூன்று கிலோவாட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் அரை யூனிட். இரண்டு கிலோவாட் இஸ்திரிப் பெட்டி, சூடேறி அணைந்து சூடேறி அணைந்து அரை மணி நேரம் ஓடினால் அதுவும் கிட்டத்தட்ட அரை யூனிட். அரை மணிக் கணக்கில் இரண்டும் ஒரே உயரப் பட்டைதான். எனக்குச் சுற்றுகிற தட்டைப் பார்த்துப் பழக்கம். தட்டு அந்த நொடியைச் சொல்லும், பட்டை அரை மணி நேரத்தைக் கலக்கிச் சொல்லும். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

நொடிக்கு நொடி அளந்தால் பிரித்துவிடலாம். எண்பதுகளிலேயே அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர், வீட்டுக்கு வரும் ஒரே கம்பியில் அளந்து உள்ளே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று பிரித்துக் காட்டும் முறையை உருவாக்கினார். ஒவ்வொரு சாதனமும் போடும்போதும் அணைக்கும்போதும் ஒரு தனி அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அரை மணிக் கணக்கில் அந்த அடையாளம் அழிந்துவிடுகிறது. அழிந்த இடத்தில் என்னைப் போன்ற அதிகப்பிரசங்கி தன் ஊகத்தை வைத்து நிரப்பிவிடுகிறான்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பா, உங்களுக்குச் செயலியைக் காட்டியது என் தப்பு" என்றாள்.

மார்ச் 14, மதியம் 12.30

நான்கு நாளாக மண்டையில் ஓடுகிறது. இழையில் எல்லாரும் "கணக்கைக் கொடுக்கலாமா வேண்டாமா" என்றே பேசுகிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எந்தக் கேள்விக்காக என்று கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

2024 ஏப்ரலில் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளிக்குப் பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அதை வைத்து வாங்கிய குளிர்பதனப் பெட்டி மின்சாரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்தியதா? நல்ல கேள்வி, வரிப்பணம் சம்பந்தப்பட்டது. இதற்கு மாதக் கணக்கே போதும். பழைய மீட்டரே போதும் என்று சொல்லலாம். அரை மணிக் கணக்கு எதற்கு?

2030க்குள் 60,000 மின்வாகன மின்னேற்றிகள் என்று இலக்கு. எந்த வட்டாரத்துத் துணைமின்நிலையம் இரவு எட்டு மணிக்கு மூச்சு முட்டும்? இதற்கு அரை மணிக் கணக்கு வேண்டும். ஆனால் வீட்டு எண் வேண்டாம், புளோக்கைக் கூட்டிக் கொடுத்தால் ஆயிற்று. வெப்பமான ஏப்ரல், மே மாதங்களில் எந்தப் பேட்டைகளில் இரவெல்லாம் குளிரூட்டி ஓடுகிறது, எங்கே காற்றாடியோடு புழுங்குகிறார்கள் என்பதும் அதே மாதிரிதான். மரம் நடுகிறவருக்கு வட்டாரம் தெரிந்தால் போதும்.

மின்கட்டணத்தில் அரசாங்கம் தரும் யூசேவ் கழிவு எனக்குத் தனி ஆசை. அது வீட்டு வகையைப் பார்த்து வருகிறது. மூவறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் அதே தொகை, ஒருவர் இருந்தாலும் அதே தொகை. மூவறை வீடுகளுக்குள்ளேயே மாதப் பயன்பாடு எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று ஆராய்ந்தால் பெரிய குடும்பங்களுக்கு ஏதாவது வழி பிறக்கும். இதற்குச் சராசரி உதவாது. வீட்டுக்கு வீடு கணக்கு வேண்டும், மாதத்துக்கு ஒன்று.

ஆக, வீட்டு எண்ணோடு அரை மணிக் கணக்கைக் கேட்பது முதியவர் விஷயம் ஒன்றுதான். எல்லாரும் முதலில் எடுத்துக் காட்டுகிற உதாரணமும் அதுதான். சாவியை வாங்க அழகான காரணம் அது. கையில் வந்த சாவி அந்த ஒரு கதவை மட்டும் திறக்காதே.

மார்ச் 14, இரவு 8.10

"நம் ஊரில் சட்டம் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று ஒருவர். இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அரசாங்க அமைப்புகளுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு 2018இல் வந்த பொதுத்துறை ஆளுமைச் சட்டம் தனியாக உண்டு.

கொவிட் காலத்து டிரேஸ்டுகெதர் கருவி நினைவிருக்கிறதா? நோய்த்தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டும் என்று நினைத்துத்தான் நாமெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தோம். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கோப்பிக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். வரம்பு கட்டியது நல்லது. முதல் நாளே கட்டியிருந்தால் என் மனைவி அந்தக் கருவியை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடியிருக்க மாட்டாள். டின்னுக்குள் வைத்தால் சமிக்ஞை போகாதாம். யார் சொன்னார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

வெளிநாட்டில் பட்ட பாடும் உண்டு. நெதர்லாந்தில் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2009இல் மேலவை ஏற்கவில்லை. அந்தரங்கம்தான் முக்கியக் காரணம். பிறகு விரும்பாதவர் மறுக்கலாம் என்று மாற்றினார்கள். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரில் பதினைந்து நிமிடக் கணக்கு எடுத்தது பற்றிய வழக்கில், 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வீட்டுக்குள் நுழைந்து தேடுவதற்குச் சமம் என்றது. ஆனால் மின்கட்டமைப்பைச் சீராக நடத்தவே அந்த நகரம் எடுக்கிறது, குற்றவிசாரணைக்கு இல்லை, ஆகவே நியாயமானதுதான் என்று அனுமதித்தது. "மின்சாரம்தானே" என்ற வாசகருக்கு இந்தத் தீர்ப்பின் முதல் பாதி. என் போன்ற சந்தேகப் பிராணிகளுக்கு இரண்டாம் பாதி.

எனக்குப் பிடித்தது பிரிட்டன்காரர்கள் செய்தது. ஸ்மார்ட் எரிசக்தி ஆய்வுக்கூடம் என்று ஒன்று வைத்து, வீடு வீடாகக் கேட்டு, சரி என்ற ஏறத்தாழ 13,000 வீடுகளின் கணக்கை மட்டும் சேர்த்தார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர்தான் பார்க்கலாம், அதுவும் பாதுகாக்கப்பட்ட தளத்துக்குள் இருந்தபடியே. பதின்மூன்றாயிரம் பேர் மனமுவந்து கொடுத்தால் நாட்டுக்கே போதுமான ஆராய்ச்சி நடக்கிறது. எல்லார் வீட்டையும் திறந்து வைக்க என்ன அவசரம்?

மார்ச் 16, காலை 10.00

சம்மதம், சம்மதம் என்று எழுதிவிட்டேன். யாருடைய சம்மதம்?

என் மச்சான் ஈசூனில் ஒரு அறையை இரண்டு மலேசியத் தம்பிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மின்கட்டணக் கணக்கு அவர் பெயரில். செயலி அவர் கைப்பேசியில். தம்பிகள் எப்போது வருகிறார்கள், இரவில் குளிரூட்டியை எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் எல்லாம் மச்சான் விரல் நுனியில். "யூனிட்டுக்கு முப்பது காசு, சும்மாவா?" என்பார். நாளைக்கு ஆய்வுக்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் வந்தால் மச்சான் கையெழுத்துப் போடுவார். தம்பிகளிடம் யார் கேட்பது?

மார்ச் 16, இரவு 10.15

மகள் வீட்டுக்கு மறுபடி போனேன். அன்றைக்குச் சமையலறையிலேயே நின்றுவிட்ட பிள்ளையிடம் போய், தப்பாகப் பேசிவிட்டேன் அம்மா என்றேன். பரவாயில்லை ஐயா என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, அந்தப் படத்தை நான் பார்க்கலாமா என்று கேட்டாள். மகளின் கைப்பேசியை வாங்கிக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலால் ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளி நெடுநேரம் பார்த்தாள்.

"நான் எழுந்திருக்கிறதெல்லாம் இதில் இருக்கிறதா, ஐயா?"

இருக்கிறது என்றேன். ஐந்தரை மணிப் பட்டையைக் காட்டி, இதோ இதுதான் நீ எழுந்து விளக்குப் போட்டது என்றேன். அவள் தலையாட்டினாள்.

"அது நான் இல்லை. அரிசிக் குக்கர். இரவே நேரம் வைத்துவிட்டுப் படுப்பேன். நான் எழுந்திருக்கிறது ஆறு மணிக்கு."